சாவியை வாங்கிக்கொண்டவன் எழுதுவது

அக்கா,

நம் அடுக்குமாடி தீப்பிடித்து நாளையோடு ஒரு வருஷம். அந்த ராத்திரியைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்கள் பார்க்காத எதையும் நான் பார்த்துவிடவில்லை.

நான்கு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் ஊரே படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை, யார் யாரோ படிப்பார்கள். சில இடங்களில் பாதியில் நிறுத்தினால் மீதி உங்களுக்குப் புரியும்.

நம்மை எங்கே குடியமர்த்துவது என்று பேச பள்ளிக்கூட ஹாலில் நடந்த அந்தக் கூட்டத்தை விட்டு என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு நாம் முன்வரிசையில் இருந்தோம். நமக்குக் காட்டிய காலி வீடுகள் இருந்த குடியிருப்புக்காரர்கள் பின்னால். ஒருவர் மைக்கை வாங்கி, "எங்களுக்கும் அனுதாபம் இருக்கு. ஆனா நாங்க வருஷக்கணக்கா கடன் கட்டி வாங்கின இடம் இது" என்றார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து இரண்டே இரண்டு விஷயம் கேட்டீர்கள். பையனின் பள்ளிக்கூடம் மாறக்கூடாது. நான்காவது மாடிக்கு மேலே வேண்டாம். பின்னாலிருந்து ஒரு குரல்: "உயிர் பிழைச்சதே பெரிசு, இதுல மாடி வேற பார்க்கணுமா?" சிரிப்பு.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, சிவப்புக் கயிறு கட்டிய உங்கள் வீட்டுச் சாவியை எடுத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தீர்கள். கதவே இல்லாத வீட்டின் சாவி. "இதுக்கும் நான் மாசாமாசம் கடன் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றீர்கள். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது என்னைப் பார்த்தீர்கள். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை, எல்லோரையும் சேர்த்துக் குடியமர்த்தினால்தான் போவது என்று பன்னிரண்டு குடும்பமும் பேசி வைத்திருந்தோம். நான் எழுந்து உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பெஞ்சில் எந்தப் பிள்ளையோ காம்பஸால் கீறி வைத்திருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்காகத்தான். வீடு போன பிறகு நாம் நாற்பது பேர் படுத்த ஹாலில் விடிய விடிய விளக்கு எரியும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஏழு வயசுப் பெண் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்திருந்தாள். இதையெல்லாம் உங்களிடமே சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே.

அப்படியென்றால், எல்லாம் தெரிந்த நீங்கள், என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "காட்டிக்கொடுத்தவன்" என்று எப்படிச் சொன்னீர்கள்? அவள் அன்றைக்கு ராத்திரி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். உங்கள் பையன் ஆரோக்கியமாக இருந்தான். உங்களுக்குப் பிடிவாதம் பிடிக்க முடிந்தது. எனக்கு அதற்கு வழியில்லை. இதை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

வீட்டை எடுத்துக்கொண்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டதற்குக் கேட்கிறேன். பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ளும்படி விட்டேனே, அதற்குக் கேட்கிறேன். அதற்கப்புறம் நடந்ததற்கும். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர், "ஒரு குடும்பம் சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்களே, மத்தவங்களுக்கு என்ன?" என்று கேட்டபோது அந்த ஒரு குடும்பம் புது வீட்டுத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கையெழுத்தை எடுத்து உங்கள் பதினொரு பேரையும் அடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தூக்கம் வராத ராத்திரிகளில் லண்டன் கிரென்ஃபெல் டவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நம்முடையது போலவே தீப்பிடித்த குடியிருப்பு. 2017 ஜூன் 14. 24 மாடி. 72 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் வீடு என்றார் அன்றைய பிரதமர் தெரசா மே. ஒரு வருஷம் கழித்தும் பல குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கவில்லை. பக்கத்திலேயே வசதியான குடியிருப்பு ஒன்றில் 68 வீடுகளை அவர்களுக்கென்று வாங்கியபோது, அங்கே ஏற்கெனவே காசு கொடுத்துக் குடியிருந்த சிலர் முகம் சுளித்தார்கள். நம் ஹாலில் மைக் பிடித்தவரின் அதே நியாயம். இதைவிட என்னை உலுக்கியது வேறு. காட்டிய வீட்டை வேண்டாம் என்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள். உயரமான மாடியில் இனித் தூங்க முடியாது என்றார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும் என்றார்கள். வார்த்தைக்கு வார்த்தை நீங்கள் கேட்டது, அக்கா.

அது பேராசையும் இல்லை. வேலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர முடிகிற இடத்தில் இருந்தால்தான் அது போதுமான வீடு என்று ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-லேயே எழுதி வைத்திருக்கிறது. ஹாலில் சிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. எனக்கும் அன்று தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவர் நிற்கிறதே, வெள்ளையடித்துப் பழைய இடத்துக்கே போகலாமே என்று. சாமான் எடுக்கப் பதினைந்து நிமிஷம் உள்ளே விட்டார்களே, படிக்கட்டுப் பக்கத்துத் தூணில் பூச்சு உதிர்ந்து உள்ளே வெளிர்சிவப்பாக இருந்ததைத் தொட்டு, "இது என்ன தம்பி, பெயிண்டா?" என்று கேட்டீர்கள். கான்கிரீட்டின் சூடு 300 டிகிரியைத் தாண்டினால், சிலவகைக் கல் கலந்திருந்தால், அப்படி நிறம் மாறுமாம். ஆறிய பிறகும் இழந்த பலம் முழுசாகத் திரும்பாதாம். வந்திருந்த பொறியாளர் அப்புறம் சொன்னார். அந்தத் தூணுக்கு யார் வெள்ளையடிக்கச் சொல்கிறார்களோ அவர்கள் அதன் அடியில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நீங்கள் உங்கள் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இனி சொல்லப்போவதை அளந்துதான் சொல்ல முடியும். நான் கையெழுத்துப் போட்ட தாளில் "விருப்பத்துடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருக்கிறது. "தற்காலிகம்" என்ற சொல் எங்கேயும் இல்லை. கட்டடம் எழும்பினால் திரும்பி வரலாமா என்று அன்றைக்கே கேட்டேன். வாயால் ஒரு பதில் கிடைத்தது. அது என்ன பதில், யார் சொன்னது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை விசாரணையில் சொல்லப்போகிறேன். எனக்கு விருப்பம் இல்லை, வேறு வழிதான் இல்லை என்பதையும் சொல்வேன். இதனால் இந்த வீடு கையை விட்டுப் போனாலும் போகலாம். வீட்டில் பேசிவிட்டோம். அம்மாதான் முதலில் "சொல்லு" என்றாள்.

இதை உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு குடும்பம் என்ற பெயரைச் சுமந்துகொண்டு என்னால் இனி இருக்க முடியாது.

உங்கள் வங்கிக் கடன் பத்திர நகல், மனு எழுதிய நாளில் என் ஃபைலுக்குள் வந்துவிட்டது. இத்தனை மாசமாக அங்கேயே இருக்கிறது. வியாழக்கிழமை உங்களுக்கு அது தேவைப்படும். பத்து மணிக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறேன். பேச வேண்டாம், வாங்கிக்கொண்டு போனால் போதும்.

தம்பி