செல்வம், அந்தக் கண்ணாடியைத் தொடாதே

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலியும் பழையபடிதான், வாயும் பழையபடிதான். போன இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதவன் இதற்கு மட்டும் ஓடிவருகிறானே என்று நக்கலடிப்பாய். அடித்துக்கொள். டிப்பரிலிருந்து ஜல்லி தெறித்து கார் முன்கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விழுந்ததையும், ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடப்போவதையும் படித்தபிறகு எப்படிச் சும்மா இருப்பது? சைலன்சருக்கு எம்சீல் வைத்த அதே கை!

விடாதே. அது விரிசலின் வாயிலேயே இறுகிவிடும். உள்ளே காற்று அப்படியே கிடக்கும். அப்புறம் சரியான ரெசினை, அதாவது விரிசலை நிரப்பும் பிசினை, விட்டாலும் இறங்க வழியிருக்காது. எதை விட்டாலும் முதல் தடவை விடுவதுதான் கணக்கு. விரிசலுக்குள் இறுகியதைச் சுரண்டி எடுக்க முடியாது.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. சுமார் 2 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலம். கல் பட்டு உடைந்தது வெளிக்கண்ணாடி மட்டும். விரிசலில் வெள்ளிபோல மினுங்குவது காற்று. அதை வெளியே இழுத்துவிட்டு, ஒளியைக் கண்ணாடி மாதிரியே கடத்தும் ரெசினை அந்த இடத்தில் நிரப்புவதுதான் வேலை. முழுசாக மறையாது, மங்கலாக ஒரு தழும்பு நிற்கும். விரிசல் மேலே ஓடாது, அது போதும்.

முதலில் பார். அடிபட்ட இடம் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிறதா? உள்பக்கம் விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறதா? ஓரத்திலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கிறதா? ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருந்தாலோ, ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பார்க்கும் இடத்தில் இருந்தாலோ கை வைக்காதே, கடைக்குக் கொண்டுபோ. இதில் விளையாட்டு வேண்டாம்டா. பக்கத்து சீட் ஏர்பேக் பல வண்டிகளில் இந்தக் கண்ணாடியில் மோதித்தான் ஆளைப் பார்த்து விரியும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மேலே செல்லோடேப் ஒட்டுவது. தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போனால் ரெசின் பிடிக்காது. ஏற்கெனவே நனைந்திருந்தால் உள்பக்கமிருந்து ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டு. கை வைத்தால் வெதுவெதுப்பு, அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஆறவிடு.

ஆன்லைனில் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உறிஞ்சு ரப்பர் கால் வைத்த ஸ்டாண்டு, திருகு பிஸ்டன், ரெசின், மேலே மூடச் சின்னப் படலம், பிளேடு எல்லாம் வரும். வேலையைக் காலையில் போர்டிகோ நிழலில் வைத்துக்கொள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் விரிசல் ஓடலாம். வெயிலின் புறஊதா பட்டால் ரெசின் பாதி வழியிலேயே கெட்டியாகிவிடும். குண்டூசியால் தளர்ந்த கண்ணாடித் துகளை மட்டும் தட்டிவிடு, தோண்டாதே.

பிஸ்டன் குழாயின் ரப்பர் வாய் குழியின் மேல் நடுவாக உட்காரட்டும். ஸ்டாண்டைக் கண்டபடி இறுக்கினால் கண்ணாடி வளைந்து நட்சத்திரத்தின் விரிசல் கோடு நீண்டுவிடும். மூன்று நான்கு சொட்டு ரெசின் விட்டு, பிஸ்டனைத் திருகி இறக்கி ஐந்து நிமிடம் அழுத்தத்தில் வை. பிறகு மேலே தூக்கி ஓரிரு நிமிடம் விடு, குமிழ் குமிழாகக் காற்று வரும். மறுபடி இறக்கு. மினுக்கம் போகும்வரை இதேதான். விரிசல் கோட்டின் நுனியில் மட்டும் வெள்ளி தங்கினால், உள்பக்கமிருந்து அந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தி விடு. விரிசல் கொஞ்சம் திறந்து ரெசின் ஏறும். உன் பொறுமைக்கு இந்த இடம்தான் சோதனை. பெருமாள் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, “போதும்டா” என்று எழுப்பிவிடுவார்.

கடைசியில் ஸ்டாண்டைக் கழற்றி, குழிமேல் ஒரு சொட்டு விட்டு, படலத்தைக் குமிழ் இல்லாமல் மூடி, வண்டியை வெயிலுக்குத் தள்ளு. உச்சி வெயிலில் கால் மணி நேரம் போதும். மேகமிருந்தால் இன்னும் விடு. யு.வி. டார்ச் அடிப்பதானால் வெளியிலிருந்து அடி, நடுப்படலம் புறஊதாவை விழுங்கிவிடும். மேலே துருத்துவதை பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டு. சாய்த்தால் குழியில் இருப்பதையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இந்த வேலை முடியும்வரை சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுவதோ, ஏ.சி. காற்றை நேராக அதன்மேல் திருப்புவதோ வேண்டாம். டேப் ஒட்டுமுன் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, வெளியிலும் உள்ளிருந்தும் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு, கிட் வாங்கலாமா கடைக்குப் போகலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி