இரவல் ஆன்டிபாடியும் ராசிபலனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், 'ஓ பிரிவுக் குழந்தை ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகளைத் தானே உருவாக்கிக்கொண்டுதான் பிறக்கிறது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். ரத்த வங்கியில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான், அதைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

பிறந்த குழந்தையின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், அந்த ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதம் இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியே அம்மா கொடுத்த இரவல் சரக்கு, ஐயா. சொந்தமாகச் சுரக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஏ, பி என்பவை சிவப்பணு மேல் இருக்கும் சர்க்கரைகள். குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேலும் அதே மாதிரி சர்க்கரைகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் உச்சம், கிழவயதில் என்னைப்போல இறங்குமுகம். நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிவப்பணுவை மட்டும் வைத்து குரூப் பார்ப்பதும், சீரத்தை வைத்துச் சரிபார்க்கிற ரிவர்ஸ் குரூப்பிங் செய்யாததும் இதனால்தான். உங்களுக்குத் தெரியாததா என்ன.

அந்தச் சிவப்பணுவிலும் ஏ, பி ஆன்டிஜென்கள், அதாவது அந்தச் சர்க்கரை அடையாளங்கள், பிறக்கும்போது மெலிந்துதான் இருக்கும், முழு வலு வர இரண்டு முதல் நாலு வயதாகும். என் பேத்திக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் 'ஓ பாசிட்டிவ்'. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்காகப் பார்த்தால் 'ஏ பாசிட்டிவ்'. சோதனை மருந்தில் ஏ என்று காட்டும்படி அணுக்கள் லேசாக ஒட்டியதை அன்றைக்கு யாரோ அவசரத்தில் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சம்பந்தி வீட்டில் 'பிள்ளை மாறிப்போச்சா' என்று ஆரம்பித்து, நான் வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டியும் ஒரு மாதம் யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதும் இல்லை. 'அபூர்வ ஓ பாசிட்டிவ் ரத்தம் கிடைக்காமல் தவிப்பு' என்று தலைப்பு போட்டீர்களே, நம் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற குரூப் அது! 1952இல் டாக்டர் பெண்டே குழுவினர் அறிவித்த பாம்பே குரூப்பை, சோதனையில் ஓ போலத் தெரிந்தாலும் ஓ ரத்தம்கூடச் சேராத அந்த அபூர்வ குரூப்பை, சாதாரண ஓ-வோடு சேர்த்துக் குழப்பியதற்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆனால் ராசிபலனில் விருச்சிகம் விட்டுப்போனதற்கு மறுநாளே முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தீர்கள். சரி, விருச்சிக ராசிக்காரர்கள் பாவம்தான்.

நான் கேட்பது இரண்டே வரி. அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். அப்புறம், பிறந்தபோது எழுதிய குரூப்பை அப்படியே பள்ளி அடையாள அட்டையில் ஏற்றாமல் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை போடுங்கள்.

என் பெயர் வேண்டாம். சம்பந்தி உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருச்சி