மெனுவை மறைக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

செயலிகளுக்குச் சாளரம், பொத்தான், மெனு தரும் ஜிடிகே, கியூட்டி கருவித்தொகுப்புகளையும் லினக்ஸ் டெஸ்க்டாப்களையும் உருவாக்குவோருக்கு,

வணக்கம்.

செயலியின் மெனுவை அதன் சாளரத்தில் காட்டாமல் டெஸ்க்டாப்பின் மேல் பேனலில் காட்டுவதைக் குளோபல் மெனு என்பார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சென்ற வாரம் அவசரமாக ஒரு படத்தை ஏற்றுமதி செய்ய வேண்டியிருந்தது. செயலி ஜிடிகேவில் எழுதியது. என் டெஸ்க்டாப்போ கியூட்டியில் கட்டியது. சாளரத்தில் மெனுப்பட்டையைக் காணோம். மேலே பேனலிலும் காணோம். பேனலில் மெனு காட்டும் விட்ஜெட் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. மெனுவை வாங்கிக் காட்ட பேனலில் ஆள் இருக்கிறது என்று நம்பிய செயலி தன் பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டது. அவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு விட்ட கதைதான். குறுக்குவிசை நினைவில் இருந்ததால் தப்பித்தேன்.

நான் கேட்பது இதைத்தான். மெனு திரையில் ஏறிவிட்டது என்று மறுபக்கத்திலிருந்து ஒப்புகை வரும்வரை எந்தச் செயலியும் தன் பட்டையை மறைக்கக் கூடாது. காட்டியவர் விழுந்தால் அந்தக் கணமே பட்டை சாளரத்துக்குத் திரும்ப வேண்டும்.

அந்நிய மெனுவைச் சொந்த மெனுபோலக் காட்டுவது எளிதல்ல என்பது தெரியும். செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் வழியே போவது மெனுவின் படம் அல்ல, விவரம். அந்த விவரத்தை எழுதும் முறை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு சின்ன உதாரணம். விசையெழுத்தை, அதாவது மெனு வரியை விசைப்பலகையால் தேர்ந்தெடுக்க உதவும் எழுத்தை, குறிக்க கியூட்டி ஆம்பர்சண்ட் (&) போடுகிறது; மெனுவை டி-பஸ்ஸில் அனுப்பும் நெறிமுறையான டிபஸ்மெனு அடிக்கோடு (_) போடுகிறது. இடையில் இருப்பவர் அடிக்கோட்டை இரட்டிக்க மறந்தால், அண்மைக் கோப்புகள் பட்டியலில் ‘ஆண்டு_அறிக்கை’ என்ற கோப்பு ‘ஆண்டுஅறிக்கை’ ஆகிவிடும்; போதாக்குறைக்கு ‘அ’வுக்குக் கீழே ஒரு கோடும் விழும். அந்தப் பெயரில் கோப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதைவிட மோசம், ஊகிப்பது. மேக்கில் கியூட்டி, மெனு வரியின் சொல்லைப் பார்த்தே இடம் மாற்றும். ‘செட்டப்’ என்று ஒரு வரி வைத்தால், அது நீங்கள் வைத்த இடத்தை விட்டுச் செயலிப் பெயருள்ள மெனுவுக்குப் போய்விடலாம். தடுக்க ‘நோரோல்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு நகர்த்துவதுதானே முறை?

சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்ட் வந்த பிறகு சிக்கல் கூடியிருக்கிறது. அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11-இல் எந்தச் சாளரத்துக்கு எந்த மெனு என்பதைச் சாளரத்தின் பண்புகளிலேயே எழுதிவைத்தார்கள். வேலண்டில் கேடிஈ டெஸ்க்டாப் தனக்கொரு நெறிமுறையும் ஜிடிகே தனக்கொரு நெறிமுறையும் வைத்திருக்கின்றன. குளோபல் மெனு காட்டிய தன் யூனிட்டி டெஸ்க்டாப்பைக் கைவிடுவதாக, உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் 2017-இல் அறிவித்தது; ஆனால் டிபஸ்மெனுவின் முகவரியில் இன்னும் அந்த நிறுவனத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுப்பெயரில் ஒரே நெறிமுறை எழுத உட்காரும் நாளில், அந்த ஒப்புகையை முதல் பக்கத்திலேயே சேருங்கள்.

அதுவரை என் டெஸ்க்டாப்பில் குளோபல் மெனுவை அணைத்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெனுவைத் தேடி அலுத்த ஒரு பயனர்