ஏற்காட்டுக் காப்பித் தோட்ட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையின் உயிர்களைக் காப்பது வனத்துறையின் வேலை என்றுதான் சேலத்தில் பலரும் நினைக்கிறோம். ஆனால் மலையின் மேற்பரப்பில் பெரும்பகுதி உங்கள் பட்டா நிலம். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

1863இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் இந்த மலையிலிருந்து ஒரு சிறு பாம்பை விவரித்து, ஷார்ட் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார். பிற்பாடு அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அது தனி இனமே என்று ஆய்வாளர்கள் 2014இல் மறுபடி நிறுவினார்கள். நஞ்சில்லாத பாம்பு, மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும், குட்டி போடும், வால் மொட்டையாக இருக்கும். ஈர மண்ணும் இலைச்சருகும் போனால் அதற்குப் போக்கிடம் கிடையாது. மலையிறங்கி, சேலத்து வெயிலைக் கடந்து கொல்லிமலையில் போய்க் குடியேற அதனால் முடியாது. இங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்தது. இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறுமரமும் அழியும் ஆபத்தில்தான் இருக்கிறது.

1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு காடு குறைந்தது உண்மை. ஆனாலும் பலா, நாவல், அத்தி, சந்தன வேம்பு என்று பழைய மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த தோட்டங்களில் காட்டின் பாதி உயிராவது தங்கியது. இப்போது அந்த இடத்தில் வரிசை வரிசையாக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். அது சீக்கிரம் வளரும், மரம் விற்றால் காசு, மிளகுக்கொடியும் நேராக ஏறும். உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் காய்ந்த விதையை நம்பி எந்தப் பழந்தின்னிப் பறவை வரும்? மிளகு பலாவிலும் கல்யாண முருங்கையிலும் நன்றாகவே ஏறும். அராபிகா காப்பிச் செடியைக் கொல்லும் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் செடியைத்தான் தேடி முட்டையிடுகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடர்ந்த நிழல் உங்கள் செடிக்கும் காவல்.

உலகில் சுமார் 10 லட்சம் இனங்கள் அழிவை எதிர்நோக்குகின்றன என்று ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் அறிவியல் குழு 2019இல் சொன்னது. தரையில் முதல் காரணம், நிலத்தின் பயன்பாட்டை நாம் மாற்றுவது. ஏற்காட்டில் அதற்குப் பொருள், தோட்டம் மனையாவதும் மனை ரிசார்ட் ஆவதும்தான். விலை கட்டுப்படியாகாத ஆண்டுகளில் விற்கத் தோன்றும். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் காப்பித் தோட்டத்தை என்றாவது மறுபடி மரமடர்ந்ததாக ஆக்கலாம். சரிவை வெட்டிக் கான்கிரீட் போட்ட இடத்தில் அந்தப் பாம்புக்கு மண்ணே இருக்காது.

அடுத்த முறை நிழல் மரங்களைக் கவாத்து செய்து கிளை கழிக்கும்போது பழைய நாட்டு மரம் ஒன்றையும் சாய்க்காதீர்கள். ஒரு சில்வர் ஓக்கை வெட்டினால் அந்தக் குழியில் நாவலையோ அத்தியையோ வையுங்கள். ஓடையோரச் சரிவுகளில் களைக்கொல்லி வேண்டாம், ஆள் விட்டுக் களையெடுங்கள். மொட்டை வால் பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம் என்று வேலைக்கு வருபவர்களிடம் சொல்லிவையுங்கள். நாற்றுக்கும் நடவுக்கும் ஆள் வேண்டுமென்றால், சேலத்திலிருந்து என்னைப் போன்றவர்கள் வருகிறோம்.

அன்புடன்,
சேலத்துக்காரன் ஒருவன்