கேள்விப் பக்கத்துக்கு ஓர் ஆள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இதை நீயே படிக்காதே, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"வாய் ஓதும்போது மனசு எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். குத்தலாகத்தான் கேட்டாய், ஆனாலும் நியாயமான கேள்வி. பாதி நாள் அது எங்கேயோதான் இருக்கிறது. காலையில் தனியாக உட்கார்ந்து, திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் சொல்கிறேன். மொத்தம் 95 வரி. 7ஆம் வரி 'பிறப்பறுக்கும் பிஞ்ஞகன்தன் பெய்கழல்கள் வெல்க', 14ஆம் வரி 'மாயப் பிறப்பறுக்கும் மன்னன் அடிபோற்றி'. மனசு கரண்ட் பில் பக்கம் போனால் போதும், நாக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். 'வெல்க'வெல்லாம் போய் 'போற்றி'யில் நிற்பேன். இப்படி எத்தனை நாள் தாவினேனோ, சொல்ல ஆளில்லையே.

போன வருஷம் திருவாசக முற்றோதலுக்கு ஒருவர் கூப்பிட்டார். 51 பகுதியையும் காலையில் தொடங்கி ஒரே நாளில் ஓதி முடிப்பது. எனக்குத்தான் சிவபுராணம் மனப்பாடமாயிற்றே என்று புத்தகத்தைத் திறக்காமலே உட்கார்ந்தேன். எல்லோரும் 'பிஞ்ஞகன்தன் பெய்கழல்கள் வெல்க' என்கிறார்கள், நான் மட்டும் கணீரென்று 'மன்னன் அடிபோற்றி'! பக்கத்திலிருந்த பாட்டி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் புத்தகத்தை லேசாக என் பக்கம் நகர்த்தி, வரியின்மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான். அன்று முழுக்க அந்த விரலைப் பார்த்தே ஓதினேன்.

அந்தப் பாட்டிக்கு மூச்சு குறைவு. பாதி வரியில் நின்றுவிடுவார், அடுத்த வரித் தொடக்கத்தில் வந்து சேர்ந்துகொள்வார். அவருக்காக எல்லோரும் நிதானமாக ஓதியது முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் என் தொண்டையே கட்டிக்கொண்டது. நான் வாயை மூடினேன், பாட்டு நிற்கவில்லை. நான் விட்ட சொல்லைப் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். மனசு எங்கே என்று கேட்டாயே, அந்த நேரத்தில் அங்கேயேதான் இருந்தது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். அம்மானை, பூவல்லி, பொன்னூசல் என்று மாணிக்கவாசகர் எடுத்துக்கொண்டதில் பலவும் பெண்கள் கூடி விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடுகிற பாட்டு. பொற்சுண்ணம் என்கிற வாசனைப் பொடி இடிக்கிறவள் தனியாகவா இடிப்பாள்? திருச்சாழல் என்கிற பகுதியில் ஒவ்வொரு பாட்டிலும் முதல் இரண்டடி கேள்வி, அடுத்த இரண்டடி பதில். சாம்பலைப் பூசிக்கொண்டு பாம்பை அணிந்துகொள்கிறவன் வாயில் வேதமா என்று ஒருத்தி கிண்டலாகக் கேட்பாள். பூசுவதையும் அணிவதையும் விடு, அவன் எல்லா உயிருக்கும் இயல்பாக இருக்கிறவன் என்பாள் இன்னொருத்தி. இப்படி 20 பாட்டு. தனியாகச் சொன்னபோது அந்தக் கிண்டலே எனக்கு உறைக்கவில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து ஓதினபோது பதில் பக்கத்தில் பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. கண் ஆறியதும் ஒரு தடவை வந்து உட்கார். சாழலில் கேள்விப் பக்கம் எங்களுக்கு ஆள் குறைவு, நீயோ பள்ளிக்கூடத்திலிருந்தே கேள்வி கேட்டுக் கழுத்தறுக்கிறவன். பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று எடுத்து வைக்கிறேன்.

சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்