உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு வாடிக்கையாளர்களுக்கு: கிணற்றுக் கொட்டும் மலசலகூடக் குழியும் இனி வழங்கப்படும் முறை

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நிலாவெளி வீதியை அண்டிய எமது வார்ப்பு நிலையத்தில் கிணற்றுக் கொட்டு (நிலத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் கொங்கிறீற்று வளையம்), வேலித் தூண், மலசலகூடக் குழிக்கான கொட்டு ஆகியவற்றை வாங்கிவரும் உங்களுக்கு, இவ்வருட மாரிக்கு முன்னர் நாம் நடைமுறைப்படுத்தவிருக்கும் ஒரு மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் விளக்கும் பொருட்டு இம்மடலை எழுதுகின்றோம். மலசலகூடக் குழிக்கான கொட்டுகளை, வளவின் வரைபடத்தைப் பார்வையிடாமல் இனிமேல் விற்கமாட்டோம். அந்த வரைபடத்தில் உங்கள் கிணறு மட்டுமன்றி, நான்கு பக்கத்து அயல் வளவுகளின் கிணறுகளும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். "காசைப் பிடியுங்கள், கொட்டை ஏற்றுங்கள், மற்றதை மேசன் பார்த்துக்கொள்வார்" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். அவ்வாறு கேட்டதையெல்லாம் கேட்டவாறே ஏற்றி அனுப்பக்கூடிய ஊராக இது முன்பு இருந்தது. இப்போது இல்லை.

திருகோணமலை நகருக்கு விரிவதற்கு இடம் எப்போதுமே குறைவு. ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உட்துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். அந்த நிலத்திலும் கணிசமான பங்கு கோட்டைக்கும் கடற்படைக்கும் உரியது. 1957 இல் பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்த பின்னரும் அந்நிலை பெரிதாக மாறவில்லை. ஆதலால் நகரில் குடித்தனம் பெருகிய போதெல்லாம் சனங்கள் நகரக்கூடிய திசைகள் இரண்டாகவே இருந்தன: உள்நாட்டுப் பக்கமாகப் பாலையூற்று, அன்புவழிபுரம், வடக்கே நிலாவெளி வீதி வழியாக உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு. தென்னந்தோப்பும் தோட்டக்காணியும் பனங்கூடலும் கடலோரத்தில் கரைவலை வாடிகளுமாகக் கிடந்த வடக்குப் பக்கத்தில், ஒரு குடும்பத்துக்கு ஏக்கர்க் கணக்கில் வளவு இருந்தது. கிணறு முன்புறத்தில், மலசலகூடம் வளவின் கோடியில். இரண்டுக்கும் இடையே கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் விளைந்தன.

ஊர் நிறைந்தது ஒரே மூச்சில் அல்ல. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் இப்பக்கம் தங்கினார்கள். அவர்களிற் பலர் இங்கேயே வேரூன்றினார்கள். 1988 முதல் மாகாண நிருவாகம் திருகோணமலையில் அமைந்தமையால், உத்தியோகத்தர்கள் வாடகை வீடு தேடி வந்து, பின்னர் காணி வாங்கினார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர் வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு சிறிது காலம் இருந்தபோது, கரையில் இருந்தவர்களுக்கு வீதிக்கு மேற்கே காணி தேவைப்பட்டது. 2009 இற்குப் பின்னர் உல்லாச விடுதிகள் வந்தன. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு வரும் மாணவர்களுக்காக அறைகள் கட்டப்பட்டன. வெளிநாட்டுக் காசில் மாடி வீடுகள் எழுந்தன. எமது விற்பனைப் பேரேட்டிலும் இந்த மாற்றம் தெரிகின்றது. முட்கம்பி வேலிக்கான தூண்கள் குறைந்து மதிலுக்கான தூண்கள் கூடின. கமத்துக்கான ஆறடி அகலக் கிணற்றுக் கொட்டை ஏறக்குறைய எவருமே இப்போது கேட்பதில்லை. மூன்றடி, நான்கடிக் குழிக் கொட்டுகளோ வார்த்து ஈரம் உலருமுன் முற்பதிவாகிவிடுகின்றன.

இனி விடயத்துக்கு வருகின்றோம். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். அதைப் பத்துப் பேர்ச் துண்டுகளாகப் பிரித்தால், உள்வீதிக்கு விட்டது போகப் பன்னிரண்டு, பதின்மூன்று துண்டுகள் தேறும். ஒரு கிணறும் ஒரு குழியும் இருந்த அதே மணலில் இப்போது ஒரு டசின் கிணறுகள், ஒரு டசின் குழிகள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் குறைந்த தூரம் 50 அடி. பத்துப் பேர்ச் காணி ஏறக்குறைய 2,720 சதுர அடி. நாற்பது அடி முகப்பு என்றால் நீளம் 68 அடி. கிணற்றை முன் மதிலோரமாகவும் குழியைப் பின் மதிலோரமாகவும் வைத்தால் உங்கள் வளவுக்குள் கணக்குச் சரிவரும். ஆனால், உங்கள் பின் மதிலுக்கு அப்பால் இருப்பவர் வேறொரு ஒழுங்கையைப் பார்த்து வீடு கட்டி, வாஸ்துப்படியோ வசதிப்படியோ தமது கிணற்றை அதே மதிலின் மறுபுறத்தில் இறக்கியிருப்பார். அலஸ்தோட்டத்தில் அண்மையில் நாம் கொட்டு இறக்கப் போன வளவொன்றில், குழிக்கு அடையாளமிட்டிருந்த இடத்தில் நின்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கிணற்றின் கப்பி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. இரு வீட்டாரும் தத்தம் காணிக்குள் 50 அடி விட்டே வைத்திருந்தார்கள், இருவரிலும் பிழையில்லை. காணியைத் துண்டாடும்போது கிணறுகள் எந்தப் பக்கம், குழிகள் எந்தப் பக்கம் என்று எவரும் கோடு கீறிக் கொடுக்கவில்லை என்பதுதான் சங்கதி.

இது களிமண் தரையாக இருந்திருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டோம். எங்கள் பகுதி கடற்கரை மணல். ஊற்றிய நீரை நின்ற நிலையிலேயே குடித்துவிடும் மணல். அது நோய்க்கிருமிகளை ஓரளவுக்கு வடிக்கும், அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்த மணல் போதிய அளவு இருந்தால் மாத்திரம். கழிவுநீரிலிருந்து உண்டாகும் நைத்திரேற்றை அது வடிக்காது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று இருக்கலாகாது என்கின்றது. அதனிலும் கூடிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குன்றி உதடும் நகமும் நீலம் பாயக்கூடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றே கூடும். தோட்டக் காலத்துக் கிணறுகள் எல்லாம் பளிங்குபோல் தூய்மையாக இருந்தன என்று சொல்வதற்கில்லை, யூரியாவும் சாணமும் அதே மணல் வழியாகத்தான் இறங்கின. ஆயினும் அன்று அந்தக் கிணறு ஒரு வீட்டுக்குரியது. சுற்றிலும் மழைநீர் இறங்கிக் கலப்பதற்கு வெட்டவெளி இருந்தது. இன்று அந்த வெளியில் முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்து, மழைநீரை வீதிக்குத் தள்ளிவிடுகின்றோம்.

வாடிக்கையாளர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்பது, "இன்னும் இரண்டு கொட்டு ஆழமாக இறக்கினால் நல்லதுதானே" என்பதாகும். இந்தக் கரையில் அது நல்லதல்ல. கிணற்றுக்கும் அல்ல, குழிக்கும் அல்ல. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மறுபுறமாகச் சொன்னால், அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்துமிடத்தில், அந்த நிலை நீடித்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடிவரை மேலேறக்கூடும். கடற்கோளின் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளைப் பெரிய மோட்டர் வைத்து ஒரே மூச்சாக இறைத்த இடங்களில் உப்புக் குறையாமல் மேலும் கூடியதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றைக் கழுவித் தந்தது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். ஆகவே கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் வற்றுகிறது என்பதற்காக, வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள வளவுகளில் கிணற்றை மேலும் தாழ்த்த நாம் கொட்டுத் தரமாட்டோம். அகலமான ஆழங்குறைந்த கிணறும், குறைந்த வலுவுள்ள மோட்டரும், கூரையில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைத்து, ஒரே தடவையாக அன்றி ஆறுதலாக இறைப்பதே இங்கு பொருந்தும்.

குழியின் கதை இதற்கு எதிர்ப்புறமானது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வாடைக்கால மழையில், சாம்பல்தீவுக் களப்பை அண்டிய தாழ்ந்த வளவுகளில் நீர்மட்டம் தரைக்குக் கீழே இரண்டு மூன்று அடிக்கே வந்துவிடும். ஆவணி மாதத்தில் உலர்ந்த மணலில் தோண்டி, எட்டடி ஆழம் கிடைத்தது என்று மகிழ்ந்து இறக்கிய குழி, மார்கழியில் நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கும். வடிகட்டுவதற்கு உலர்ந்த மணல் ஒரு சாண் கூட மிஞ்சாது. குழி நிரம்பாமல் இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் திருப்திப்படுவார். அது நிரம்பாமல் இருப்பது, உள்ளே போனதெல்லாம் அயலாரின் கிணற்றை நோக்கி நடந்துகொண்டிருப்பதனால்தான்.

எனவே நாம் முதன்மையாக வழங்கப்போவது, அடித்தளம் போட்டு, உட்புறம் பூசப்பட்டு, நீர் கசியாத இரண்டு அறைத் தொட்டியாகும். மேசன்மார் செப்டிக் டாங்க் என்பது இதைத்தான். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் செப்டிக் தொட்டிகளுக்கான எஸ்எல்எஸ் 745 கோவையைத் துணையாகக் கொண்டு இதன் அளவுகளை வீட்டில் உள்ளோரின் தொகைக்கேற்ப நிர்ணயிப்போம்; முதலாம் அறை இரண்டாவதிலும் பெரியதாக இருக்கும். தொட்டியை இறக்கியதும் மண் நிரப்ப விடமாட்டோம். நிரம்ப நீர் விட்டு, சுவரில் கரிக்கோடு கீறி, மூடி, மறுநாள் அதே நேரத்தில் உங்கள் முன்னிலையில் திறப்போம். கோட்டுக்குக் கீழே நீர் இறங்கியிருந்தால் மறுபடி பூசி மறுபடி பார்ப்போம். கசியாத தொட்டி என்று பேச்சளவில் சொல்லிவிட்டு, அடியில் ஒரு துளையை விட்டுப் போகும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லாததல்ல. வீட்டுக்காரருக்கும் கழிவை உறிஞ்சி அகற்றும் பவுசரை அடிக்கடி பிடிக்க வேண்டியதில்லை என்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

தொட்டி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் நீரும் கழிவுநீர்தான். கட்டியான கழிவு கீழே தங்கியிருக்கும், அவ்வளவே. அந்த நீரை ஆழமான குழிக்கு விடாமல், தரையோடு ஒட்டிய ஆழங்குறைந்த சல்லிக் கானில் (சல்லி நிரப்பிய வாய்க்காலில்) பரவவிட வேண்டும். தாழ்ந்த வளவுகளில் கிரவல் கொட்டி உயர்த்திய பாத்தியாகவே அமைக்க வேண்டும். அதன்மேல் வாழை நட்டால் நன்றாக வரும். வாகனம் நிறுத்த வேண்டாம். இந்தக் கானுக்கும் 50 அடிக் கணக்குப் பொருந்தும். உங்கள் கிணற்றிலிருந்தும் அயலாரின் கிணற்றிலிருந்தும் அவ்வளவு தூரம் எந்த மூலையிலும் கிடைக்காத வளவுகளுக்கு நாம் உண்மையையே சொல்வோம்: அங்கு கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் நீருக்கு மாறுவதே வழி. நகருக்கும் சூழலுக்கும் கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கும் குழாய் வந்த ஒழுங்கைகளில், கிணற்றைக் குளிப்பதற்கும் மரஞ்செடிக்கும் வைத்துக்கொள்ளலாம். இணைப்புக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கிணற்றையே நம்பியிருப்போர், ஒரு தடவையாவது நீரைப் பரிசோதிப்பித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். எங்கே, எவ்வாறு செய்விப்பது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார்.

தொட்டியின் இடத்தைத் தீர்மானிக்கும்போது, பின்னாளில் கழிவகற்ற வரும் பவுசரையும் நினைவில் கொள்ளுங்கள். வீட்டின் பின்புறத்தில், குசினிக்கும் மதிலுக்கும் இடையே தொட்டியைப் புதைத்து, அதன்மேல் மாபிள் பதித்துவிட்டால், சில ஆண்டுகளில் அதை உடைக்க வேண்டி வரும். முன்புறத்தில், படலைக்கு அருகே வைப்பது பார்வைக்கு அழகில்லை என்று சிலர் மறுக்கின்றார்கள். மூடியை முற்றத்து மட்டத்தோடு சரிசெய்து தருவோம், எவருக்கும் தெரியாது. காற்றுக் குழாயின் வாய்க்கு நுளம்பு வலை கட்டாமல் எந்தத் தொட்டியையும் ஒப்படைக்கமாட்டோம். 2017 இல் கிண்ணியாவிலும் மாவட்டத்தின் ஏனைய இடங்களிலும் டெங்கு படுத்திய பாட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை, ஆயினும் டெங்கு நுளம்பை விடச் செப்டிக் தொட்டியில் அதிகம் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனம் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

ஏற்றியிறக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு லொறி வளவுக்குள்ளேயே வந்து கொட்டை இறக்கியது. இப்போது பல உள்ளொழுங்கைகளில் இரு பக்கமும் மதில் எழுந்து, பத்தடி அகலம் கூட மிஞ்சவில்லை. வீதியில் இறக்கி உருட்டிக்கொண்டு போனால் கொட்டின் விளிம்பு பெயர்கின்றது, வழியில் உள்ளவர்களின் கானும் உடைகின்றது; அந்தச் சண்டையில் எமது வேலையாட்களே வாங்கிக் கட்டிக்கொள்கின்றார்கள். அத்தகைய ஒழுங்கைகளுக்கு, அச்சுத் தகட்டைக் கொண்டுவந்து வளவிலேயே வார்த்துத் தருவோம். அதற்கு நல்ல நீர் தேவை. உவர்நீரில் குழைத்தால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்துச் சீமெந்து வெடிக்கும். உங்கள் கிணறு உவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீரையும் நாமே கொண்டுவருவோம்.

இரண்டு அறைத் தொட்டி, அடித்தளமற்ற குழியை விட விலை கூடியது என்பதை மறைக்கவில்லை. சீமெந்தும் கம்பியும் கூடுதலாகப் போகின்றன. மேசனுக்கும் வேலை நாள் கூடுகின்றது. மூன்று தவணைகளில் செலுத்த விரும்புவோருக்கு, எம்மிடம் முன்பு வாங்கியவர்களாயின், மேலதிகத் தொகை அறவிடாமல் ஒழுங்கு செய்வோம். அடுத்தடுத்த இரு வளவுக்காரர்கள் ஒன்றாக வந்து, கிணறுகளை ஒரு பக்கமும் கான்களை மறுபக்கமும் அமையுமாறு திட்டமிட்டால், இரண்டு வளவுகளுக்கும் அளவெடுப்பதற்கும் ஏற்றியிறக்குவதற்கும் கூலி வாங்கமாட்டோம். காணியைத் துண்டாக்கி விற்கவிருப்பவர்கள் எல்லைக் கல் போடுவதற்கு முன்னரே எம்மிடம் வந்தால், நில அளவைப் படத்தின் பிரதியில் கிணற்று வரிசையையும் கான் வரிசையையும் இலவசமாகக் குறித்துத் தருவோம். வாங்குபவர்களுக்கு அந்தப் பிரதியையும் காணி உறுதியோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஏற்கனவே முற்பணம் கட்டியவர்களின் கொட்டுகள் ஒதுக்கப்பட்டே இருக்கின்றன. அவர்களும் வரைபடத்தைக் கொண்டுவர வேண்டும். இடம் பொருந்தினால் கொட்டைக் கானுக்கு முந்திய சேகரிப்புக் கிடங்காகப் பயன்படுத்தும் வழியைச் சொல்வோம், பொருந்தாவிடின் முற்பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவோம் அல்லது தொட்டியின் விலையில் கழிப்போம். பழைய குழி உள்ள வீட்டார் உடனே இடிக்க வேண்டிய அவசரமில்லை. மாரி தொடங்குமுன் எமக்கு அறிவித்தால், ஆள் வந்து நீர்மட்டத்தையும் அயற்கிணறுகளின் தூரத்தையும் அளந்து, மாற்ற வேண்டுமா இல்லையா என்று எழுத்தில் தருவார். வரும்போது நில அளவைப் படத்தின் பிரதி, பிரதேச சபையின் கட்டட அனுமதி எடுத்திருந்தால் அதன் பிரதி, அயல் வளவுகளின் கிணறுகளைக் குறித்துக் கையால் வரைந்த படம் ஆகிய மூன்றும் போதும். அயலாரிடம் கேட்டு அளப்பதற்குச் சங்கடப்படுவோர் எம்மையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை வேளையில் ஒருவர் ஆயத்தமாக இருப்பார்.

இப்படிக்கு,
நிருவாகம்,
கொங்கிறீற்று வார்ப்பு நிலையம்,
நிலாவெளி வீதி, உப்புவெளி, திருகோணமலை.