ரசீது கேட்கும் போலீஸ்காரர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மிகைபுனைவு நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். டிராகனும் மந்திரவாதியும் வரும் கதைகள் வாசகரை நிஜத்திலிருந்து தப்பியோட வைக்கின்றன, அதில் நகைச்சுவையும் சேர்ந்துவிட்டால் சட்டம், நீதி எல்லாம் கேலிக்கூத்தாகிவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார். அவருடைய வாசகியாக எனக்கு அதில் உடன்பாடில்லை. போலீஸ் என்றால் என்ன, கைது என்றால் என்ன என்று என்னை யோசிக்க வைத்தவை அந்தச் சிரிப்புக் கதைகள்தான்.

1983இல் தொடங்கி பிராட்செட் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் மொத்தம் 41. அவற்றில் ஒரு வரிசை அங்க்-மார்போர்க் என்ற அழுக்கு நகரத்தின் காவல்படையைப் பற்றியது. முதலாவது, 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. சாகசக் கதைகளில் மூன்றாம் அத்தியாயம் வாக்கில் ஓடிவந்து, நாயகனின் வாளுக்கு ஒவ்வொருவராகப் பலியாகும் அரண்மனைக் காவலர்கள் இருப்பார்களே, நாவலை அவர்களுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். உங்களுக்கு இதில் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லையாம்.

அந்த ஊரில் திருடர்களுக்குச் சங்கம் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு, திருடிய பிறகு ரசீது, எல்லாம் முறைப்படி. ஊரும் பழகிவிட்டது. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்கிறான் கேரட் என்ற வாட்டசாட்டமான பையன். யாரும் தொடாத பழைய சட்டப் புத்தகத்தை உருப்போட்டுக்கொண்டு வந்தவன், சங்கத் தலைவரையே திருட்டுக் குற்றத்துக்குக் கைது செய்கிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். திருடனைப் பிடித்த போலீஸ்காரன் ஏன் எனக்குக் கோமாளியாகத் தெரிந்தான் என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது.

வரிசையின் நாயகர் சாம் வைம்ஸ், குடிகாரக் கேப்டனாக அறிமுகமாகிறவர். 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில் அவர் போடும் பூட்ஸ் கணக்கு பிரபலம். சம்பளம் மாதம் 38 டாலர், பத்து வருடம் உழைக்கும் நல்ல பூட்ஸ் 50 டாலர். அதனால் 10 டாலர் பூட்ஸைத்தான் வாங்க முடியும். அது ஒன்றிரண்டு பருவத்தில் பிய்ந்துவிடும். பத்து வருடத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் ஈரமாகவே இருக்கும். 2022இல் பிரிட்டனில் ஏழைகளின் விலைவாசியைத் தனியாகக் கணக்கிட சமையல் எழுத்தாளர் ஜாக் மன்றோ ஒரு குறியீட்டெண்ணை அறிவித்தபோது அதற்கு வைம்ஸ் பூட்ஸ் பெயரையே வைத்தார். எனக்குப் பிடித்தது வேறு. தேய்ந்த அடித்தோல் வழியாகக் கற்களை உணர்ந்தே, கும்மிருட்டில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று வைம்ஸ் சொல்லிவிடுவார். தெருவை அப்படிக் காலால் அறிந்த ஒரு மனிதரிடம் சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றுதான் இந்த நாவல்கள் பார்க்கின்றன.

அதே நாவலில் ஒரு குள்ளர் கொலை செய்யப்படுகிறார். பகல் காவல்படையின் கேப்டன் ஒரு ட்ரோலை, அதாவது கல்லுடம்பு கொண்ட ராட்சத இனத்தவன் ஒருவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். சாட்சியம்? ஒன்றுமில்லை. ட்ரோல்தானே, எதையாவது செய்திருப்பான். பக்கத்தில் யாராவது இருந்தால் சத்தமாகச் சிரித்திருப்பேனோ என்னவோ, தனியாக வாசித்ததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்று சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தச் சாதியில் பிறந்தாயா, கைரேகை கொடு, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்கு. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தார்கள். பிராட்செட்டுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 'எதையாவது செய்திருப்பான்' என்பது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்கிறது. 2002இல் வந்த 'நைட் வாட்ச்' நாவலில், காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து ஆட்களின் மண்டையை அளந்து குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கும் ரகசியப் போலீஸ் தலைவர் ஒருவர் வருகிறார். இதுவும் பிராட்செட்டின் கற்பனையில் உதித்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோ இதை அறிவியல் என்றே நம்பி எழுதினார்.

'நைட் வாட்ச்' வரிசையிலேயே இருண்ட நாவல். வைம்ஸ் முப்பது வருடம் பின்னால், தன் இளமைக் காலத்துக்குள் போய் விழுகிறார். ஊரடங்கு. இரவில் வெளியே வந்த அப்பாவிகளை வண்டியில் ஏற்றி, சித்திரவதை நடக்கும் ரகசியப் போலீஸ் கட்டடத்தில் இறக்கிவிடுவது காவலர்களின் வழக்கம். அந்த வாசலில் வைம்ஸ் வாளை உருவவில்லை, வசனம் பேசவில்லை. ஆட்களை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். அங்கே இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கையெழுத்து இல்லையென்றால் ஆளும் இல்லை. ஒரு நாவலில் காகிதத்துக்காக நடக்கும் தகராறை நகம் கடித்துக்கொண்டு வாசித்தது அப்போதுதான். போலீஸ் காவலில் நடக்கும் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதும் இதைத்தான்: கைது செய்தால் நேரம், தேதியோடு குறிப்பு எழுது, சாட்சி கையெழுத்து வாங்கு, கைதானவரிடமும் கையெழுத்து வாங்கு. தீர்ப்பாக வாசித்தபோது அது எனக்கு அலுவலக நடைமுறையாகத்தான் தெரிந்தது. கதைக்குப் பிறகுதான் அந்தக் கையெழுத்து ஒருவரின் உயிர் என்று உறைத்தது.

கடைசியில், சக காவலர்களைக் கொன்ற கார்சர் என்பவன் வைம்ஸிடம் சிக்குகிறான். வைம்ஸுக்குக் கை துடிக்கிறது, நமக்கும்தான். ஆனால் விசாரணைக்குத்தான் அனுப்புகிறார். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரைச் சுட்டுக்கொன்ற போலீசார்மீது மக்கள் பூத்தூவினார்கள். வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் சொன்னபோது அந்த ஆரவாரத்தைக் காணோம். இந்த நாவல் பூத்தூவ நினைக்கும் கையைக் கொஞ்சம் தயங்க வைக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன், வாசித்தவர்கள் எல்லாம் திருந்திவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சரி, பிராட்செட்டை முழுதாக ஆதரிக்கிறேனா என்றால், இல்லை. 2005இல் வந்த 'தட்!' நாவலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழிவாங்கும் பேய் ஒன்று வைம்ஸுக்குள் நுழையப் பார்க்கிறது. மகனுக்கு தினமும் ஆறு மணிக்கு வாசித்துக்காட்டும் பசுமாட்டுக் கதையை உறுமிக்கொண்டே அவர் குகைக்குள் சண்டை போடுகிறார். அவர் மனத்துக்குள்ளேயே ஒரு காவலர் ரோந்து சுற்றி, அவரைத் தடுத்துக்கொண்டிருக்கிறார். அற்புதமான இடம். ஆனால் மனத்துக்குள் காவலர் இல்லாத இன்ஸ்பெக்டரை யார் தடுப்பது? அதற்கும் நாவலில் ஒருவர் வருகிறார். காவல்படையின் கணக்குவழக்கைத் தணிக்கை செய்ய ஆட்சியாளர் வெட்டினாரி அனுப்பும் பெஸிமல் என்ற ஒல்லி குமாஸ்தா. வைம்ஸ் அவரைத் தற்காலிகக் காவலராக்கி கலவரத்துக்குக் கூட்டிப்போகிறார். அவரும் ட்ரோலோடு மோதி, பல்லால் கடித்துப் பெயர் வாங்கி, காவல்படை ஆளாகவே மாறிவிடுகிறார். தணிக்கை செய்ய வந்தவரையே போலீஸ் தன் ஆளாக்கிக்கொண்டது. நானும் கைதட்டிச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கட்டுரையாளர் இந்த இடத்தைப் பிடித்திருந்தால் அவர் பக்கம் நானும் கொஞ்சம் சாய்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
வாசகி,
உசிலம்பட்டி